வீட்டுக் கடனும் படத்தில் இருக்கும் பெரியவரும்: கும்பகோணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கடனுக்கு வருகிற பத்திரக் கட்டுகளைப் படித்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. 22 வருஷமாக இதே வேலை. மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரியவர் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறேன். எதிரே வந்து உட்காருகிறவர்கள் முதலில் அவரைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் வட்டியைப் பற்றி, கடைசியில் தாத்தா பேரில் இருக்கும் பட்டாவைப் பற்றி. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

யாரு சார் இந்தப் பெரியவர்? உங்க அப்பாவா?

இல்லை. ஹஸ்முக் தாக்கோர்தாஸ் பாரேக். சுருக்கமாக ஹெச்.டி. பாரேக். 1911 மார்ச் 10 அன்று சூரத்தில் பிறந்தவர். வளர்ந்தது பம்பாயில், 'சால்' என்று அங்கே சொல்லும் வரிசைக் குடியிருப்பில். நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் வங்கி, நிதி படித்துவிட்டு 1936இல் திரும்பினார். சுமார் 20 வருஷம் பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் வேலை. 1956இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யில் துணைப் பொது மேலாளராகச் சேர்ந்து, பிற்பாடு அதன் தலைவராகவும் ஆனார்.

அப்போது ஐ.சி.ஐ.சி.ஐ. என்பது இன்று தெருமுனையில் பார்க்கிற வங்கி இல்லை. உலக வங்கியின் முயற்சியோடு 1955இல் தொடங்கிய, தொழிற்சாலைகளுக்குக் கடன் தரும் நிறுவனம். அதன் முதல் தலைவர் ஆற்காடு இராமசாமி முதலியார் என்று சொன்னால்தான் நம்மவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அங்கே ஓய்வு பெறும் வயதில், 1977இல், பாரேக் தொடங்கியதுதான் ஹெச்.டி.எஃப்.சி. வீட்டுக் கடன் கொடுப்பதற்கென்றே தனியார் துறையில் ஒரு நிறுவனம். 1992இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1994 நவம்பர் 18 அன்று காலமானார்.

அப்ப ஹெச்.டி.எஃப்.சி. பேங்க் ஓனர் இவர்தானா?

ஓனரும் இல்லை, அது பேங்கும் இல்லை. அவர் தொடங்கியது வீட்டுக் கடன் நிறுவனம். அந்தப் பெயரில் வங்கி உருவானது 1994இல், அவர் வாழ்வின் கடைசி வருஷத்தில். தாய் நிறுவனம் ஒன்று, பிள்ளை வங்கி ஒன்று என்று இரண்டாக இருந்து, 2023 ஜூலை 1 அன்று தாய் போய்ப் பிள்ளையோடு சேர்ந்துவிட்டது. வயதான அம்மா கடைசியில் மகன் வீட்டுக்குக் குடிபோன மாதிரி.

இதில் குடும்பச் சொத்து என்று எதுவும் கிடையாது. பெரிய பங்கு வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கும் முதலாளி இல்லாமலேயே நடந்த கம்பெனி அது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

ரியல் எஸ்டேட்னா மனை போட்டு விக்கிறதுதானே? இவர் எத்தனை நகர் போட்டார்?

ஒன்றுகூட இல்லை. கட்டுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே பணம் எப்படிப் போய்த் திரும்பி வரும் என்பதுதான் அவர் தொழில்.

இவருக்கு முன்னாடி ஜனங்க வீடே கட்டலையா சார்?

கட்டினார்கள். எப்போது, எதை வைத்து என்று பாருங்கள். ஆசிரியர், ரயில்வே, தாலுகா ஆபீஸ் என்று சம்பளத்தில் இருந்தவர்கள் ஓய்வு பெற்ற அன்று கைக்கு வரும் பி.எஃப். பணத்தில் மனை வாங்கி அஸ்திவாரம் தோண்டினார்கள். கிரகப்பிரவேசத்தன்று வீட்டுக்காரருக்கு 60 வயது. பிள்ளைகள் வளர்ந்ததெல்லாம் வாடகை வீட்டில். மற்றவர்கள் மனைவியின் நகை, சீட்டுப் பணம், இரண்டு மா நிலத்தை விற்ற பணம் என்று போட்டுக் கட்டினார்கள். போதாததற்கு நிலத்தை ஒத்திக்கு வைப்பார்கள். ஒத்திக்குப் போன நிலம் திரும்பி வந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம்.

கடன் கொடுக்க இடமே இல்லை என்று சொன்னால் பொய். மயிலாப்பூர் நிதி 1872லேயே தொடங்கியது. கும்பகோணம் வங்கி 1904இல் வந்தது, இன்றைக்கு அதுதான் சிட்டி யூனியன் வங்கி. வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. 1970இல் ஹட்கோ என்ற வீட்டுவசதி நிதி நிறுவனத்தை அரசு தொடங்கியது, அது பெரும்பாலும் வீட்டுவசதி வாரியங்களுக்குக் கொடுத்தது. சாதாரணச் சம்பளக்காரன் ஒரு கதவைத் தட்டி, '20 வருஷத்தில் கட்டுகிறேன், இப்போதே வீடு வேண்டும்' என்று கேட்கும்படியான இடம்தான் இல்லை.

அப்படி என்ன புதுசா பண்ணிட்டார்? அடகுக் கடையிலகூட அடமானம் வச்சா பணம் தர்றாங்களே.

இந்தக் கேள்விக்குத்தான் சுவரில் அவர் படத்தை வைத்திருக்கிறேன். அடகுக் கடைக்காரர் பார்ப்பது பொருளை. கல்லில் உரசுவார், தராசில் போடுவார், மதிப்பில் ஒரு பங்கைக் கொடுப்பார். நீங்கள் யார், என்ன வேலை என்பது அவருக்குத் தேவையில்லை. திருப்பாவிட்டால் பொருள் இருக்கிறது. பாரேக் தலைகீழாகப் பார்த்தார். 'இந்த ஆள் 30 வயதில் மாதம் இவ்வளவு சம்பாதிக்கிறான், இன்னும் 25, 30 வருஷம் சம்பாதிப்பான், மாதம் எவ்வளவு கட்ட முடியும்?' வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வது ஒரு காவலுக்கு. கடனின் அளவை முடிவு செய்வது வருமானம்.

இன்னும் வரப்போகிற சம்பளத்தை நம்பிக் கையில் இருக்கிற பணத்தைக் கொடுப்பது. அன்றைக்கு இதைப் பைத்தியக்காரத்தனம் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். நம் பகுதியில் இன்றும் வீட்டுக் கடனைப் பற்றி வருகிற குழப்பத்தில் முக்கால்வாசி, அடகுக் கணக்கையும் இந்தக் கணக்கையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது. கீழே பல பதில்களில் இதற்குத் திரும்பி வருவேன்.

66 வயசுல ரிட்டையர் ஆனவருக்கு ஆரம்பிக்கப் பணம் ஏது?

சொந்தப் பணம் இல்லை. தொடக்க மூலதனம் 10 கோடி ரூபாய். ஐ.சி.ஐ.சி.ஐ. துணை நின்றது, உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகமும், இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கானும் பங்கு போட்டார்கள். மத்திய அரசு பணம் தரவில்லை. 1978இல் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டபோது பெரிய வரவேற்பும் இல்லை. வீட்டுக் கடனில் லாபம் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

40 வருஷம் அவர் சேர்த்து வைத்திருந்தது வேறு. பங்குத் தரகில் பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். ஐ.சி.ஐ.சி.ஐ.யில் நீண்ட காலக் கடனை எப்படி அளப்பது என்று கற்றுக்கொண்டார். அந்த இரண்டையும் வீட்டுக்குப் பொருத்தினார், அவ்வளவுதான். அரசு தன் பங்குக்கு தேசிய வீட்டுவசதி வங்கியைத் தொடங்கியது 1988இல். இவர் தொடங்கி 11 வருஷம் கழித்து.

சொந்தக்காரப் பையனைக் கொண்டுவந்து உக்கார வச்சாராமே? அப்புறம் என்ன குடும்பச் சொத்து இல்லைங்கறீங்க?

தீபக் பாரேக், உடன்பிறந்தவரின் மகன். சேஸ் மன்ஹாட்டன் என்ற வெளிநாட்டு வங்கியில் நல்ல சம்பளத்தில் இருந்தவரைப் பெரியப்பாதான் கூப்பிட்டார். 1978இல் சம்பளத்தைப் பெருமளவு குறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். 1985இல் நிர்வாக இயக்குநர், 1993இல் தலைவர். கேள்வி நியாயமானதுதான், வேறு யாரையும் கூப்பிட்டிருக்கலாம். பங்கைக் கொடுக்கவில்லை, வேலையைக் கொடுத்தார் என்பது மட்டும் என் பதில்.

முக்கால் வட்டிதான்னு சொல்றாங்க. எங்க தெருவுல ரெண்டு வட்டி. எப்படி சார் இவ்ளோ குறைச்சல்?

நம் பேச்சில் வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்று அர்த்தம். முக்கால் வட்டி வருஷத்துக்கு 9 சதவீதம். இரண்டு வட்டி 24 சதவீதம். தெருவில் கொடுப்பவருக்குப் பணம் போனால் போனதுதான், அந்தப் பயத்தையும் சேர்த்து வட்டி போடுகிறார். இங்கே பத்திரம் காவலுக்கு இருக்கிறது, சம்பளம் மாதாமாதம் வருகிறது, பயம் குறைவு.

ஒரு எச்சரிக்கை. சிலர் 'ஃப்ளாட் ரேட்' என்று ஒரு வட்டி சொல்வார்கள். அசல் குறையக் குறைய வட்டியும் குறையாமல், முதல் நாள் அசலுக்கே கடைசிவரை வட்டி போடுவது அது. காதுக்குச் சின்னதாகக் கேட்கும், கைக்குப் பெரிதாக இருக்கும். வீட்டுக் கடனில் 'குறையும் அசலுக்குத்தானே வட்டி?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பத்து வருஷம் ஒரு மாசம் விடாம கட்டினேன். அசல் பாதிகூட அடையலை. ஏமாத்துறாங்களா?

ஏமாற்றவில்லை. ஆனால் முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். 20 லட்சம், 9 சதவீதம், 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 17,995 ரூபாய். முதல் மாதம் 20 லட்சத்துக்கு முக்கால் வட்டி 15,000. மிச்சம் 2,995 தான் அசலில் கழியும். மாதாமாதம் அசல் கொஞ்சம் குறைய, வட்டி கொஞ்சம் குறைய, அசலுக்குப் போவது கொஞ்சம் கூடும். 10 வருஷம் முடிந்த அன்று பாக்கி ஏறத்தாழ 14 லட்சத்து 20 ஆயிரம். பாதி காலம் போனாலும் அசலில் மூன்றில் ஒரு பங்குகூட அடைந்திருக்காது. மொத்தம் கட்டுவது 43 லட்சத்துக்கு மேல்.

அதனால் கையில் பணம் வந்தால் முதல் வருஷங்களிலேயே கட்டுங்கள். இதே கடனில் முதல் வருஷ முடிவில் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் வைத்தால் கடைசியில் 27 மாதத் தவணை குறையும். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. 'தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா' என்று கேட்பார்கள். முடிந்தால் காலத்தை என்று சொல்லுங்கள்.

எங்களுக்கு ஒரு வேலி நஞ்சை இருக்கு. மாசம் 25,000 வாங்குற பையனுக்குக் கடன், எங்களுக்கு இல்லையாம். என்ன நியாயம்?

வருத்தம் புரிகிறது. ஒரு வேலி என்றால் 20 மா, ஆறரை ஏக்கருக்கு மேல். அடகுக் கணக்கில் நீங்கள் பணக்காரர். பாரேக் கணக்கில் அந்தப் பையன் பணக்காரன். அவன் சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது. உங்கள் பணம் மேட்டூர் திறந்து, குறுவையோ சம்பாவோ கதிர் பிடித்து, மழையில் சாயாமல் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கி, ஈரப்பதம் பார்த்த பிறகு வருகிறது. ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் ஒரு கதை, திறக்காவிட்டால் வேறு கதை. 2018 நவம்பரில் கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு சாய்ந்தவர்களுக்கு இன்னும் வேறு கதை. மாதத் தவணை என்ற ஏற்பாடே சம்பளத்தை வைத்துத் தைத்த சட்டை. நம் பகுதிக்கு அது தோளில் பிடிக்கிறது.

இன்னொன்று சட்டம். கடன் மூன்று மாதம் நின்றுபோனால் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போகாமலேயே வீட்டின் மீது நடவடிக்கை எடுக்கலாம். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. உங்களைக் காக்கும் அதே விதிவிலக்குதான் வயலை வைத்து வீட்டுக் கடன் கேட்டால் கையை விரிக்க வைக்கிறது.

பாரேக்குக்கு இது தெரியாமல் இல்லை. 1986இல் குஜராத்தில் கிராமத்து வீடுகளுக்கென்றே 'க்ரூஹ்' என்று தனி நிறுவனம் தொடங்க வைத்தார். நீங்கள் செய்ய வேண்டியது, மூன்று வருஷ நெல் விற்ற ரசீதுகள், வங்கிக் கணக்கில் அந்தப் பணம் வந்த வரிகள், என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல், மாடு, கடை என்று வேறு வருமானம் இருந்தால் அதன் கணக்கு, எல்லாவற்றையும் ஒரே வங்கிக் கணக்கு வழியாக ஓட விடுவது. ரொக்கமாக வாங்கிய பணம் கடன் கொடுப்பவர் கண்ணுக்கு வராத பணம்.

முழுப் பணமும் கொடுத்துடுவாங்களா?

மாட்டார்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. பத்திரச் செலவு வேறு. மதிப்பு என்பது நீங்கள் பேசிய விலை இல்லை, அவர்கள் அனுப்பும் பொறியாளர் சொல்லும் விலை.

அடிமனை கோயிலுது, மேல்வீடு எங்களுது. மூணு தலைமுறையா இருக்கோம். கடன் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருந்தால் கும்பகோணத்தில் பாதித் தெரு எனக்கு மாலை போடும். கிடைக்காது. கோயில் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, 5 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி வேண்டும். சுவரும் ஓடும் உங்களுடையதாக இருக்கலாம், கோயிலுக்குக் கட்டும் அடிமனை வாடகை ரசீதும் ஒழுங்காக வைத்திருக்கலாம். காவலுக்கு வைக்கும் பத்திரம் உங்கள் கையில் இல்லை. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் மண் இல்லாமல் அந்தக் கணக்கு நிற்பதில்லை.

புரோக்கர் 'லோன் கிடைக்கிற பிளாட்'ங்கறார். அப்ப நம்பி வாங்கலாமா?

புரோக்கர் வாயில் வருவதைவிட அங்கீகார எண் முக்கியம். போன போகம்வரை நாற்று நட்ட இடத்தில் நாலு கல்லை நட்டு, கொடி கட்டி, 'நகர்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அனுமதி இல்லாத மனைப்பிரிவை 2016 அக்டோபர் 20க்கு முன்னால் போட்டதா, பின்னால் போட்டதா என்று முதலில் பாருங்கள். வரன்முறைப்படுத்தும் திட்டம் அந்தத் தேதிக்கு முந்தியவற்றுக்குத்தான் வந்தது. ஒரு முறை மழைக்காலத்தில் போய் நின்று பாருங்கள். வாய்க்காலை மூடிப் போட்ட மனை ஐப்பசியில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டா தாத்தா பேர்ல இருக்கு. நாங்கதானே அனுபவிக்கிறோம், அது போதாதா?

போன தை மாதம் ஒரு அம்மா ஜவுளிக்கடை மஞ்சள் பையில் மொத்தத்தையும் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். 1958ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம், மடிப்பில் எல்லாம் பூச்சி அரித்துச் சல்லடையாக இருந்தது. விரித்தால் எல்லைமால் எழுதிய இடத்தில் 'கிழக்கே' என்பது இருக்கிறது, எதற்குக் கிழக்கே என்பது இல்லை. நடுவில் ஒரு குலதெய்வத் திருநீற்றுப் பொட்டலம். தாத்தாவுக்கு நான்கு பிள்ளைகள், இரண்டு பெண்கள். பாகம் பிரித்தது வாய்ப்பேச்சில். அத்தை இருவரும் கையெழுத்துப் போடவேண்டும் என்றதும் அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. 'ஒரு அத்தையோட பேச்சுவார்த்தை இல்லைங்க.'

அனுபவம் போதாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளும் சேர்ந்த பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவு, அப்புறம் பட்டா மாற்றம், வில்லங்கச் சான்று. இந்த வரிசையில் போங்கள். சல்லடையான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பேச்சுவார்த்தைக்கு அப்படி ஒரு அலுவலகம் இல்லை. அந்த அம்மா பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குக் கரும்போடு போயிருந்தால் வேலை பாதி முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

மூலப் பத்திரத்தை வாங்கி வச்சுக்கிட்டுத் தொலைச்சுட்டா?

நடக்கிறது. என் சொந்தக் கடன் முடிந்தபோது பத்திரம் வர நாலு மாதம் ஆனது, வேறு ஊர் கிடங்கில் இருக்கிறது என்றார்கள். இப்போது ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல், கடன் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். கொடுக்கும் அன்றே பத்திரங்களின் பட்டியலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வைப்பது உங்கள் பொறுப்பு.

இவங்க கடன் கொடுத்துக் கொடுத்துத்தானே மனை விலை இப்படி ஏறிப்போச்சு? இவருக்கு எதுக்கு சார் படம்?

பாதி ஒத்துக்கொள்கிறேன். எல்லோர் கையிலும் கடன் இருந்தால் விற்பவர் விலையை ஏற்றுவார். வெளிநாட்டுப் பணம், நகரம் வயலுக்குள் நகர்வது, நிலத்தைத் தங்கம் மாதிரி வாங்கிப் போடுவது, இவற்றுக்கும் பங்கு உண்டு. பாரேக் தொடங்கியது குடியிருக்க வீடு வேண்டும் என்றவர்களுக்கு. மூன்றாவது மனை வாங்குகிறவரும் அதே படிவத்தைத்தான் நிரப்புகிறார். அதை அவர் யோசித்திருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றும்.

இருந்தாலும் படத்தை எடுக்கவில்லை. என் அப்பா வீடு கட்டியது 59 வயதில். மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கப் பணம் தீர்ந்துவிட்டது. நான் கட்டியது 36இல், என் பெண் அந்த முற்றத்தில்தான் நடை பழகினாள்.

அப்பா அடுத்த மாசம் ரிட்டையர் ஆகுறார். பி.எஃப். பணத்தை எடுத்து மொத்தக் கடனையும் அடைச்சுடலாமா?

முன்பு அந்தப் பணத்தில் அஸ்திவாரம் தோண்டினார்கள், இப்போது அதே பணத்தில் கடனை அடைக்கிறார்கள். முதலில் பாக்கியைப் பாருங்கள். மேலே சொன்ன 20 லட்சக் கணக்கில் பாக்கி 4 லட்சம்தான் என்றால் மாத வட்டி 3,000 ரூபாய்தான். வட்டியில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டியாயிற்று, அவசரப்பட வேண்டியதில்லை. பாக்கி 14 லட்சம் என்றால், பென்ஷனில் தவணை கட்ட முடியாது என்றால், ஒரு பகுதியைக் கட்டித் தவணையைக் குறையுங்கள். காலத்தைக் குறைக்கச் சொன்னேனே, அது சம்பளம் வருகிற வயதுக்கு. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஒரு கல்யாணச் செலவுக்கும் கையில் நிறுத்திவிட்டு மிச்சத்தைத்தான் கட்ட வேண்டும், கடனில்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வட்டிக்குக் கை நீட்டக் கூடாது.

முழுசாக அடைத்துவிட்டால், பத்திரத்தை வாங்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். கடன் தீர்ந்த ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து வில்லங்கம் போட்டு, அந்தக் கடைசி வரி ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.